பிரசவ மாதத்துக்கு வளர்த்த கோழிகள்

முதலில் செத்தது வாத்து.

இருபத்து நான்கு கோழிகளோடு ஒரு ஜோடி வாத்தும் எங்கள் வீட்டுக் கொல்லையில் வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு காலை என் மாமியார் யின்மெய் கூண்டைத் திறந்தபோது பெட்டை வாத்து கழுத்தை முதுகுப் பக்கம் வளைத்து விறைத்துக் கிடந்தது. மூன்றாம் நாள் ஆண் வாத்தும் அதே மாதிரிப் போயிற்று.

"வாத்து போனாப் போகுது," என்றார் அம்மா. மாமியாரை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். "வாத்துக் கறி குளிர்ச்சி. மாசத்துக்கு ஆகாது. எனக்குக் கோழி நின்னாப் போதும்."

எங்கள் மலைப் பக்கத்தில் மாதம் என்றால் ஒரே மாதம்தான். பிள்ளை பெற்றவள் தலையில் துணி கட்டிக்கொண்டு, பச்சைத் தண்ணீரைத் தொடாமல், கதவுக்கு உள்ளேயே கிடக்கும் முப்பது நாள். அந்த முப்பது நாளும் அவள் சாப்பிட வேண்டியது கோழி. இஞ்சியும் அரிசிக்கள்ளும் ஊற்றிக் காய்ச்சிய கோழி. எனக்கு அப்போது எட்டாம் மாதம் முடிந்துகொண்டிருந்தது. கணவர் குவாங்லின் ஷியாமென் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். பிரசவத்துக்காக நான் கிராமத்துக்கு வந்து அவருடைய அம்மாவோடு இருந்தேன். அந்தக் கோழிகள் எனக்காக வளர்ந்தவை.

இருபத்து நான்கு என்ற எண்ணிக்கைக்குக் காரணம் உண்டு. அம்மாவுக்கு இருபத்து நான்கு வயதில் முதல் பிள்ளை பிறந்தது. பெண். அவருடைய மாமியார் ஒரே ஒரு கோழி அறுத்தார். நெஞ்சும் தொடையும் ஆண்களின் கிண்ணத்துக்குப் போயின. கழுத்தும் காலும் வெந்த தண்ணீர் பெற்றவளுக்கு வந்தது. பன்னிரண்டாம் நாள் அம்மா ஆற்றில் இறங்கித் துணி துவைத்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷம் கழித்து குவாங்லின் பிறந்தபோது பதினெட்டுக் கோழி வந்தது. "அந்தப் பதினெட்டும் நெஞ்சுலயே நின்னுச்சு, கீழ இறங்கல," என்று அம்மா என்னிடம் சொன்னது கல்யாணமான முதல் வருஷம். அப்போதே ஊர் கேட்கச் சொல்லிவிட்டார்: "ஆணோ பொண்ணோ, என் வீட்டு மருமக வருஷத்துக்கு ஒண்ணா என் வயசுக்கு இருபத்து நாலு கோழி தின்னுட்டுத்தான் கட்டில விட்டு எழுந்திருப்பா." ஒரு பெண் பிள்ளைக்காக அன்று அவருக்குக் கிடைக்காத கோழிகளை, அன்றைய வயசுக் கணக்கில், இன்னொருத்தியின் வயிற்றில் போட்டு நேர் செய்துவிட வேண்டும் என்று அவர் நினைத்தார். வேறு எதையும் அவர் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டு ஜின்சியாங் சின்னம்மா மதில் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு தினம் ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்.

"யின்மெய்க்கா, உன் மருமக என்ன நரியா? இருபத்து நாலு கோழியா?"

"நரி இல்லடி, பட்டதாரி. மூளைக்கே தனியா அஞ்சு வேணும்."

"அப்போ உன் பையனுக்கு ஒரு முட்டை போதுமே."

பட்டதாரி. என் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். படித்தது சுற்றுலா மேலாண்மை. ஊருக்கு அந்த வித்தியாசமெல்லாம் இல்லை. மாத்திரை அட்டை, உர மூட்டையில் உள்ள எழுத்து, தண்ணீர் மோட்டார் சத்தம், எல்லாம் என்னிடம் வரும். நானும் ஏதாவது ஒரு பதில் சொல்லிவிடுவேன். தெரியாது என்ற வார்த்தை எனக்கு வாயில் வராது. என்னைப் படிக்கவைக்க அப்பா செங்கல் சூளையில் பத்து வருஷம் முதுகு ஒடித்திருக்கிறார். தெரியாது என்று சொல்வதற்கா அவர் அப்படி உழைத்தார்? அப்படித்தான் அப்போது நினைத்தேன்.

அம்மா கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் சமையல்காரர். மதியம் குழந்தைகள் சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தை இரண்டு வாளியில் எடுத்துக்கொண்டு, தோளில் காவடி போட்டு வீட்டுக்கு வருவார். அந்த வாளிகளை அவர் பிரித்துப் போடுவதைப் பார்த்தால் பத்து வருஷம் படித்த வைத்தியர் மாதிரி இருக்கும். சோறு ஒரு பக்கம், மூங்கில் தட்டில் பரப்பி உலர்த்த. உப்பில் ஊறிய கடுகுக்கீரை இன்னொரு பக்கம். அதை மூன்று தண்ணீரில் அலசி, பிழிந்து, ஒரு துணுக்கைத் தன் நாக்கில் வைத்துப் பார்ப்பார். உப்பு தெரிந்தால் எருக்குழிக்குத்தான் போகும்.

"கோழிக்கு வேர்வை கிடையாது," என்பார். "உப்பு உள்ள போனா எந்த வழியா வெளிய வரும், சொல்லு?"

காய்ந்த பீன்ஸை வேகவைக்காமல் போடமாட்டார். பச்சை ஓடிய உருளைக்கிழங்குத் தோலும் முளையும் அடுப்புக்குள் போகும். சேப்பங்கிழங்குத் தோலைக் கொதிக்க வைப்பார். குடித்து முடித்த தேயிலைச் சக்கை பம்பிளிமாஸ் மரத்தடிக்கு. மீன் முள்ளைச் சுட்டு இடித்துப் பொடியாக்கித் தூவுவார். அரிசிக்கள் வடித்த மண்டியில் ஒரு தேக்கரண்டி, அதுவும் குளிர் அதிகமான நாளில் மட்டும். "அதுக்கு மேல குடுத்தா ஜின்சியாங் புருஷன் மாதிரி மதில்ல முட்டும்." சாயங்காலம் மிஞ்சிய தீனியை ஒரு பருக்கை விடாமல் கூட்டி எடுத்துவிடுவார், எலி வரக் கூடாது என்று.

நான் ஒருமுறை ஆரஞ்சுத் தோலை அப்படியே கூண்டுக்குள் எறிந்தேன். ஒரு கோழிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா குனிந்து எடுத்தார்.

"கோழி வாய் குப்பைத்தொட்டி இல்ல, ஷியூயுன். அது என்ன திங்குதோ அதைத்தான் நீ திங்கப் போற."

இவ்வளவு தெரிந்தவருக்கு ஒரே ஒரு விஷயம் தெரியவில்லை. அது பூசணம்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் மலைப் பக்கத்து வீடுகளே பூசணத்தால் வாழ்பவை. புழுங்கிய அரிசியில் சிவப்புப் பூசணம் ஏற்றி, அந்த அரிசியைப் போட்டுத்தான் கள் காய்ச்சுகிறோம். தோஃபுக் கட்டிகளில் வெள்ளை மயிர் முளைக்கும்வரை காத்திருந்துதான் ஜாடியில் ஊறப்போடுகிறோம். அம்மா கள் ஜாடியைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் சிவப்பைப் பார்த்து, வந்த விருந்தாளியை விசாரிப்பது போல, "வந்துட்டியா?" என்பார். பூசணம் அவருக்கு வீட்டு ஆள். நிறம் மாறி வந்தால் அது தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. தானியத்தைக் கொட்டுபவர்களை இடி தாக்கும். இடிக்கு ஒரு சாமி இருக்கிறார், அவர் மேலே இருந்து ஒவ்வொரு வீட்டுக் கிண்ணத்தின் அடியையும் பார்க்கிறார் என்பது எங்கள் ஊரில் பால்குடி மறக்கும் முன்பே கற்றுத்தரும் பாடம். அம்மாவின் தாய் ஊரில் சோற்றைக் கழிவறையில் கொட்டிய ஒரு மருமகள் வயலிலேயே கருகிப் போனாளாம். இடி கேட்டால் அம்மா முதலில் தன் கிண்ணத்தைத்தான் எட்டிப் பார்ப்பார். கெட்டுப்போன தானியத்தைக் குப்பையில் போட முடியாது. கோழியின் வயிற்றில் போட்டால் அது கொட்டியதாகாது.

பிப்ரவரியில் தெற்கிலிருந்து ஈரக்காற்று திரும்பியது. சுவர்கள் வியர்த்தன. படிக்கட்டில் கால் வழுக்கியது. துவைத்த துணி நான்கு நாளாகியும் காயவில்லை. மாடிப்படிக்குக் கீழே இருந்த அரை மூட்டை நிலக்கடலையை அம்மா ஒரு நாள் வெளியே இழுத்தபோது அதன் அடி நனைந்திருந்தது. போன ஆகஸ்டில் பிடுங்கியது. உரித்துப் பார்த்தால் பருப்பின் மேல் பச்சையும் மஞ்சளுமாகப் பொடி.

ஒரு தட்டில் அள்ளிக்கொண்டு என் கட்டிலருகே வந்தார். நான் கால் வீங்கிப் படுத்திருந்தேன், கையில் போன்.

"ஷியூயுன், நீ படிச்சவ. இதைக் கொஞ்சம் பாரு. நம்ம சிவப்பு மாதிரி இல்ல, பச்சையா இருக்கு. கோழிக்குப் போடலாமா?"

அவர் கேட்டார். அதை நான் மறக்கக் கூடாது. சந்தேகம் அவருக்கு வந்தது, அதனால்தான் என்னிடம் வந்தார்.

நான் தட்டைப் பார்த்தேனா என்பதுகூட நினைவில்லை. "நல்லா வேகவெச்சுப் போடுங்கம்மா. கொதிச்சாக் கிருமி செத்துரும்."

"பார்த்தியா! இதுக்குத்தான் வீட்டுல படிச்சவ ஒருத்தி வேணும்கறது."

ஒரு மணி நேரம் வேகவைத்தார். ஒரு பருப்பை எடுத்துத் தானே கடித்துப் பார்த்தார். "லேசாக் கசப்பு. குவாங்லின் அப்பாவுக்கு இந்தக் கசப்புதான் பிடிக்கும்."

சுவரில் இருந்த படத்தைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார். மாமனாரை நான் பார்த்ததில்லை. நான் வருவதற்கு மூன்று வருஷம் முன்பு, நாற்பத்தொன்பது வயதில் போய்விட்டார். வயிறு பானை மாதிரி வீங்கி, கண் மஞ்சளாகி. குடிதான் என்று ஊர் சொன்னது. தினம் அரைக் கிண்ணத்துக்கு மேல் அவர் குடித்ததில்லை என்று அம்மா சொல்வார். நல்ல கடலை விதைக்கும் எண்ணெய்க்கும் போகும். சூம்பியதும் நிறம் மாறியதும் பொறுக்கி வைத்து, உப்புப் போட்டு வறுத்து, அவருடைய கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டு. இருபத்தைந்து வருஷம்.

அன்றிலிருந்து தினம் சாயங்காலம் கோழிகளுக்கும் வாத்துகளுக்கும் வேகவைத்த கடலை கிடைத்தது. அந்தச் சட்டியின் மூடிச் சத்தம் கேட்டாலே இருபத்து நான்கும் ஓடி வரும். "கொழுக்கட்டும். ரசத்து மேல மஞ்ச எண்ணெய் ரெண்டு விரல் நிக்கணும். அப்போதான் பால் ஊறும்."

வாத்துகள் செத்தது அதற்கு இரண்டு வாரம் கழித்து.

பிறகு கோழிகளின் கொண்டை வெளிறியது. முட்டை நின்றது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி, நடு மதியத்தில் நான்கைந்து கோழிகள் வெயிலே இல்லாத முற்றத்தில் குளிர் காய்வது போல உட்கார்ந்திருக்கும். முதல் கோழி செத்தது ஒரு செவ்வாய். அடுத்த செவ்வாய்க்குள் மூன்று. அம்மா ஒவ்வொன்றையும் கூடையில் போட்டுச் சாக்கால் மூடிக்கொண்டு மூங்கில் தோப்புப் பக்கம் போவார். "நீ பார்க்காதே. வயித்துப் பிள்ளைக்காரி செத்ததைப் பார்க்கக் கூடாது."

கூண்டு வாசலில் சிவப்புக் காகிதம் ஒட்டினார். மாசிபத்திரி போட்டுப் புகை காட்டினார். கூண்டைச் சுண்ணாம்பால் கழுவினார். பலவீனமான கோழிகளைத் தனியே பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, அலகைத் திறந்து, கடலையை நசுக்கி ஊட்டினார்.

"தின்னு. உனக்கு இன்னும் நாலு வாரம்தான் வேலை. அதுவரைக்கும் நில்லு."

மதில் மேல் ஜின்சியாங் சின்னம்மா எண்ணுவதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. ஒருநாள் அம்மா பள்ளிக்குப் போயிருந்தபோது என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"உள்ள பிள்ளை அசையுதாம்மா?"

"அசையுது சின்னம்மா."

"நல்லா?"

"நல்லாத்தான்."

"சரி சரி. சும்மா கேட்டேன்." ஆனால் போகும்போது எங்கள் வாசலைத் தாண்டி எச்சில் துப்பிவிட்டுப் போனார், கெட்டது ஒட்டாமலிருக்க.

நான் போனில் கோழிக் காய்ச்சல்களைப் பற்றிப் படித்தேன். வெள்ளைக் கழிச்சல், அம்மை, கழுத்துத் திருகல். கடலை என்று ஒருமுறைகூடத் தேடவில்லை. எனக்கு அப்போதே தெரிந்திருந்ததா? இந்தக் கேள்வியைப் பல தடவை என்னிடம் கேட்டுவிட்டேன். தெரியாது என்று சொன்னால் பொய் போல இருக்கிறது. தெரியும் என்று சொன்னாலும் பொய்தான். தேடாமல் இருந்தேன் என்பது மட்டும் உண்மை.

ஆறு கோழி போனபிறகு குஞ்சுக்காரர் லியாவ் வந்தார். மோட்டார் சைக்கிளின் பின்னால் அடுக்குக் கூடைகளில் குஞ்சு ஏற்றிக்கொண்டு பத்து நாளுக்கு ஒருமுறை வருவார். நல்ல வாயாடி. அன்று காலைதான் ஏழாவது கோழி செத்திருந்தது. அதை எடுத்துப் புதைப்பதற்குள் அவர் ஹாரன் கேட்டது.

"யின்மெய்க்கா! என் குஞ்செல்லாம் என்ன ஆச்சு? கல்யாணச் சாப்பாடு போட்டு வளர்க்கறதா ஊரெல்லாம் பேச்சு."

"கிண்டல் பண்ணாம இதைப் பாரு. நீ குடுத்ததுல நோய் இருந்துச்சா?"

"எட்டு மாசம் கழிச்சா? என் குஞ்சுல நோய் இருந்தா எட்டாம் நாள் தெரிஞ்சிருக்கும்."

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கத்தியால் கோழியின் வயிற்றைக் கீறினார். நான் சமையலறை வாசலில் நின்றேன். அம்மா என்னை உள்ளே போகச் சொல்ல மறந்துவிட்டார்.

ஈரல் ஆரோக்கியமான கோழியில் குதிரைச் சேணத்தின் நிறத்தில் இருக்கும். இது பழைய வெண்ணெய் நிறத்தில் இருந்தது. பெரிதாக, ஊதி, அங்கங்கே ரத்தப் பொட்டுகளோடு. லியாவ் விரல் வைத்தார். விரல் உள்ளே போய்விட்டது. அவர் முகத்திலிருந்த சிரிப்பு நின்றது.

"முதல்ல எது செத்துச்சு?"

"வாத்து. ரெண்டும்."

"அப்போ என்ன குடுத்தீங்கன்னு சொல்லுங்க. காய்ச்சல்னா ஒரே வாரத்துல கூண்டு காலியாகும். இது நிதானமா வருது. நிதானமா வர்றது வாய் வழியாத்தான் வரும். வாத்துக்கு ஈரல் பூ மாதிரி, அதுதான் முதல்ல போகும்."

அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். அலசிய கீரை, உலர்த்திய சோறு, வெந்த தோல். லியாவ் தலையசைத்துக்கொண்டே இருந்தார். "இதுல ஒண்ணும் தப்பில்ல. நான்கூட இவ்வளவு பார்க்க மாட்டேன். வேற?"

"சாயங்காலம் கொஞ்சம் கடலை."

"எங்கே?"

சட்டியைத் திறந்து முகர்ந்தார். பிறகு மூட்டையில் கை விட்டு வேகாத ஒரு கைப்பிடியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பச்சைப் பொடி அவர் ரேகைகளில் ஒட்டியது. கையைக் கால்சட்டையில் துடைக்கவில்லை. தொட்டியருகே போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார்.

"இதுதான்."

"பூசணமா?" அம்மா சிரிக்கக்கூடச் செய்தார். "பூசணம் என்ன பண்ணும்? நாம குடிக்கற கள்ளே பூசணம்தானே. அதோட, வேகவெச்சுத்தான் போட்டேன். ஒரு மணி நேரம்."

"உங்க சிவப்பு வேற, இந்தப் பச்சை வேற. வெந்தா இது சாகும்க்கா. ஆனா அது உள்ள கக்கி வெச்ச விஷம் வேகாது. வறுத்தாலும் போகாது. திருடன் செத்துட்டான், வெச்ச தீ எரியுது, அந்த மாதிரி."

அம்மா என் பக்கம் திரும்பினார். ஒரு கணம்தான். நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அது. அதற்குள் அவர் லியாவிடம் திரும்பிவிட்டார்.

"நான்தான் வெந்தாப் போயிடும்னு நெனைச்சேன். படிக்காத முட்டாள்."

நான் அதைத் திருத்தவில்லை.

"மிச்சம் பதினேழு நிக்குது," என்றார் அம்மா. "அதுங்களை மாசத்துக்கு அறுக்கலாமா?"

லியாவ் கூடைக் கயிற்றை முறுக்கிக்கொண்டே சொன்னார். "கடலையை நிறுத்துங்க. சிலது தேறும். கறியில எவ்வளவு தங்கும்னு எனக்குத் தெரியாது. ஈரலும் முட்டையும் கூடவே கூடாது. பால் குடுக்கப் போற பொண்ணு. என் மகளா இருந்தா நான் ஒரு துண்டுகூடக் குடுக்க மாட்டேன்."

அம்மா அதைக் கேட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். முப்பது வருஷம் சுமந்த வார்த்தை அந்த ஒரு வாக்கியத்தில் போய்விட்டது. பிறகு, ரொம்ப சாதாரணமாக, பக்கத்து ஊர்ப் பஸ்ஸை விசாரிப்பது போலக் கேட்டார்.

"மனுஷங்க தின்னா?"

"எவ்வளவு?"

"ஒரு தட்டு. தினம். வருஷக்கணக்கா."

லியாவ் நிமிர்ந்து பார்த்தார். திறந்த கதவு வழியாகச் சுவரில் இருந்த படம் அவருக்கும் தெரிந்தது. மாமனாரோடு அவர் கள் குடித்தவர்.

"எனக்குக் கோழிதான் தெரியும்க்கா," என்றார். பிறகு அவசரமாக, "செத்ததெல்லாம் எங்க புதைச்சீங்க? ஆழமா இருக்கணும், நாய் கிளறிடப் போகுது."

அம்மா கடலைச் சட்டியை மூடினார்.

"யின்மெய்க்கா?"

"புதைக்கல."

"பின்னே?"

"எட்டு மாசம் வளர்த்தது. மண்ணுல போட மனசு வருமா? பள்ளிக்கூட அடுப்புல, பிள்ளைங்க போனப்புறம், எனக்கு மட்டும் தனியா வேகவெச்சேன். மருமகளுக்கு ஒரு துளி குடுக்கல, சத்தியமா. பிள்ளைங்க பாத்திரத்துலகூட வெக்கல, என் சட்டியிலதான்."

"ஆறு கோழியுமா?"

"வாத்தும்."

"ஈரல்?"

"ஈரல்தான் மெத்துன்னு இருந்துச்சு," என்றார் அம்மா.

லியாவ் கூடைகளைக் கட்டினார். அன்று அவர் ஒரு குஞ்சுகூட விற்க முயலவில்லை. வண்டியை உதைக்கும்போது என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. ரத்தம் எடுத்துப் பார்க்கட்டும்."

"பிரசவம் முடியட்டும்," என்றார் அம்மா.

அவர் மண்வெட்டியை எடுத்தார். பம்பிளிமாஸ் மரத்துக்கு அப்பால், கோழி கிளறாத தூரத்தில், இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு குழி வெட்டினார். நடுவில் நிறுத்தி மதிலருகே போனார்.

"ஜின்சியாங்!"

"என்னக்கா?" அவ்வளவு நேரமும் மதிலுக்குப் பின்னால்தான் நின்றிருக்க வேண்டும், உடனே தலை தெரிந்தது.

"எனக்குக் கோழி வேணும். மாசத்துக்கு. பதிலுக்குக் குடுக்க என்கிட்ட நல்ல கோழி இல்ல. என்னுது விஷம்."

சின்னம்மா முழங்கையை மதில் மேல் ஊன்றினார். "இருபத்து நாலுன்னு நாலு ஊருக்குக் கேக்கறமாதிரி சொன்ன வாய்தானே இது?"

"அதே வாய்தான்."

"ஆறு தரேன். மிச்சத்துக்கு நாளைக்கு ரெண்டு பேரும் கூடை எடுத்துட்டு வீடு வீடாப் போவோம். எங்க பேசணுமோ அங்க நீ பேசாதே, நான் பேசறேன். உனக்குக் கேக்கத் தெரியாது."

"சரி."

"சேவலும் இருக்கும். மூஞ்சியைத் தூக்காதே."

அம்மா குழிக்குத் திரும்பி வந்தார். ஏழாவது கோழியைப் போட்டார். பிறகு மூட்டையை இழுத்துவந்து வாயைப் பிரித்தார். அங்கேயே நின்றார். தானியத்தை வேண்டுமென்றே மண்ணில் கொட்டுவது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நான் அருகே போய் மூட்டையின் ஒரு முனையைப் பிடிக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார்.

"நீ தொடாதே. தள்ளி நில்லு. கொட்டறது ஒருத்தர் கையா இருக்கட்டும்."

கடலை சலசலவென்று இறங்கியது. பச்சைத் தூசி எழும்பிக் குழியின் மேல் நின்றது. அந்த நேரத்தில்தான் மேற்கு மலைக்குப் பின்னால் அந்த வருஷத்தின் முதல் இடி உருண்டது. மார்ச் மாதத்தில் எங்கள் பக்கத்தில் இடி இயல்புதான். எனக்கு அது தெரியும். ஆனாலும் வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன். வயிற்றுக்குள் பிள்ளை சட்டென்று புரண்டது.

அம்மா வீட்டுக்குள் ஓடவில்லை. திறந்த வெளியில், காலி மூட்டையோடு, முகத்தை மேலே தூக்கி நின்றார்.

"அம்மா, உள்ள வாங்க. அம்மா, அது நான் சொன்னது. வேகவெச்சாச் சரியாப் போகும்னு நான்தான் உங்களுக்கு..."

"வாயை மூடு."

அவர் அப்படி என்னிடம் பேசியதே இல்லை. மலைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"சத்தமாச் சொல்லாதே. அவருக்குக் காது உண்டு. நீ ரெண்டு உசிரு."

இரண்டாவது இடி இன்னும் கிட்டத்தில் கேட்டது. என்னைத் தள்ளிக்கொண்டுவந்து நிலைப்படிக்கு உள்ளே விட்டுவிட்டு, அவர் மறுபடி குழியருகே போய் மண்ணைத் தள்ளினார். மழை வரும்வரை தள்ளிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் முதல் வாரத்தில் பெண் பிறந்தாள். நாலு ஊர்க் கோழிகள் கூடையில் வந்தன. பதினேழில் பதினொன்று தேறி இன்னும் கொல்லையில் மேய்கின்றன. அவற்றை யாரும் அறுப்பதில்லை. நான் சாப்பிட்ட இருபத்து நான்காவது கோழி ஜின்சியாங் சின்னம்மா வீட்டுக் கிழட்டுச் சேவல். மூன்று மணி நேரம் வெந்தும் மெல்ல முடியவில்லை. "உன் மூளைக்கு அதுதான் பொருத்தம்," என்றார் சின்னம்மா. அம்மா ரசத்தை நான் கடைசிச் சொட்டுவரை குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோழியில் ஒரு துண்டும் தன் கிண்ணத்தில் போட்டுக்கொள்ளவில்லை. பசி இல்லை என்றார். அந்த மாதம் முழுக்க அவருக்குப் பசி இல்லை.

முப்பத்தோராம் நாள் காலை நான் தலைத்துணியை அவிழ்த்துக் கதவைத் திறந்து வெளியே வந்தேன். அம்மா முற்றத்தில் கீரையை அலசிக்கொண்டிருந்தார். மூன்றாவது தண்ணீர். ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்து என்னிடம் வந்தார். விரலால் தன் கீழ் இமையை இழுத்துக் காட்டினார்.

"ஷியூயுன், நீ படிச்சவ. பாரு. மஞ்சளா இருக்கா?"

பார்த்தேன். இந்தத் தடவை உண்மையிலேயே பார்த்தேன். இரண்டு கண்ணையும், மேகம் மூடிய வெளிச்சத்தில் ஒருமுறை, வாசலுக்கு அழைத்துவந்து ஒருமுறை. வெள்ளையா, பழைய தந்தத்தின் நிறமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இல்லைம்மா என்ற சொல் பழக்கத்தில் உதடுவரை வந்தது.

"எனக்குத் தெரியாதும்மா."

அவர் இமையிலிருந்து விரலை எடுத்தார். என்னையே பார்த்தார். நான் அந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் கேட்டதில்லை. இடி கேட்டபோதுகூட மாறாத முகம் இப்போது மாறியது.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டார். பிழிந்த கீரையைக் கோழிகளுக்கு வீசினார். உள்ளே போய், நல்ல மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்.

"டவுனுக்குப் பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். "அதாவது தெரியுமா, படிச்சவளே?"